காலா, முதுகா?

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையில் காய் வாங்கக் கிளம்பினால், இஸ்திரி வண்டிக்காரர் முதல் பழைய மாணவர்களின் அம்மாக்கள் வரை எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்விதான். “டீச்சர், முதுகுல ஆபரேஷன் பண்ணீங்களே, சரியாயிடுச்சா?” ஆமாம் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. இல்லை என்று சொன்னால் அநியாயம். எதிரே நிற்பவர் பையில் கத்தரிக்காயோடு ஒரு வார்த்தை பதிலுக்குக் காத்திருக்கிறார். “பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தப் ‘பரவாயில்ல’யைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதுகு ஆபரேஷன் என்றாலே நம் ஊரில் எல்லோரிடமும் ஒரு கதை தயாராக இருக்கும். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் நடந்து போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பார், ஸ்ட்ரெச்சரில் திரும்பியிருப்பார். “முதுகுல கத்தி வெச்சா அவ்ளோதான், படுத்த படுக்கைதான்.” இன்னொரு பக்கம் விளம்பரங்கள். சின்னத் துளை, மூன்றாம் நாள் வீடு, சிரித்த முகத்தோடு ஜாகிங் போகும் பெரியவர். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நீண்டுகிடக்கும் அந்த ஒரு வருடத்தைப் பற்றி இரண்டு தரப்பும் வாயைத் திறப்பதில்லை.

என் கதை சுருக்கமாக. அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். நாள் முழுக்க நின்றபடி வேலை. நான்காவது இடுப்பு முள்ளெலும்பு ஐந்தாவதன் மேல் முன்பக்கமாக நகர்ந்திருந்தது. ஸ்பான்டிலோலிஸ்தெசிஸ் என்று பெயர். எல்4-எல்5 என்று ரிப்போர்ட்டில் எழுதுகிற அந்த இடத்தில்தான், ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. எலும்பு நகர நகர நரம்புகள் போகும் வழி குறுகிவிடும். நின்றால், நடந்தால் பின்தொடையில் ஆரம்பித்துக் கெண்டைக்கால் வரை இழுக்கும், மரத்துப்போகும். உட்கார்ந்தால் அடங்கிவிடும். முன்னால் சாய்ந்தாலும் அடங்கும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு எத்தனை சுற்று வேண்டுமானாலும் வருவேன். 29சி பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் நிற்க முடியாது. வீட்டில் உள்ளவர்களுக்கு இது புரியவில்லை. “கடையில நல்லாத்தானே நடந்த?” என்று வீட்டுக்காரர் கேட்பார். குனியும்போது நரம்புக்குழாய் கொஞ்சம் அகலமாகிறது, நிமிர்ந்தால் குறுகுகிறது. அதுதான் விஷயம். ஆனால் அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தைலம், பெல்ட், பிசியோ, நரம்புக்குப் பக்கத்தில் போடும் ஊசி எல்லாம் ஆயிற்று. ‘கத்தியில்லாமல் ஜவ்வை இடத்தில் உட்கார வைக்கிறோம்’ என்று போர்டு போட்டிருந்த ஓர் இடத்துக்கும் மாதக்கணக்கில் காசு கட்டினோம். ஜவ்வு உட்காரவில்லை.

கடைசியாகப் பார்த்த சர்ஜன் ஸ்கேன் படங்களை உடனே கையில் எடுக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார். “ரெண்டு வலியில எது உங்கள அதிகமா படுத்துது? காலா, முதுகா?” கால்தான் என்றேன். “அப்ப பேசலாம். நரம்ப விடுவிச்சு, நகர்ந்த எலும்ப கீழ் எலும்போட சேத்து வைக்கிற ஆபரேஷன் இது. கால் வலிக்கு நல்லா வேலை செய்யும். முதுகு வலி குறையலாம், பாதி மிச்சம் இருக்கலாம், அப்படியேகூட இருக்கலாம். அத நான் சத்தியம் பண்ண மாட்டேன். இத இப்பவே காதுல வாங்கிக்குங்க.”

அதற்குப் பிறகு பிசியோ அறையிலும் வார்டிலும் நான் சந்தித்த நோயாளிகளில், ஆபரேஷனுக்கு முன்பே இந்தக் கேள்வி கேட்கப்பட்டவர்கள் ஒரு மாதிரி தேறினார்கள். கேட்கப்படாதவர்கள் வேறு மாதிரி. பெரும்பாலோருக்கு உள்ளே வைத்தது அதே டைட்டானியம் திருகாணிகள்தான்.

நசுங்கிய நரம்பை விடுவித்தால் காலில் இறங்கும் வலி குறையும் என்பது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமில்லை. பிதுங்கிய டிஸ்க்தான், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வுதான், நரம்பை அழுத்திக் கால் வலியை உண்டாக்குகிறது என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் 1934-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் முதுகு வலி, அதாவது இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும் வலி, எங்கிருந்து வருகிறது என்று விரல் வைத்துச் சொல்வது கடினம். ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலி இல்லை. 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பாதிப் பேருக்கு மேல் எங்காவது ஒரு டிஸ்க் புடைத்திருந்தது. வலியில்லாதவர்களுக்கே இந்த நிலை என்றால், வலியோடு போகிற ஒருவரின் படத்தில் ஏதாவது தெரியாமல் இருக்குமா? தெரிந்ததைச் சரிசெய்துவிட்டால் வலி போய்விடும் என்று எப்படி நம்புவது?

உள்ளே வைப்பதை எல்லாரும் ‘பிளேட்’ என்கிறோம். எனக்கு வைத்தது பிளேட் இல்லை. நான்கு திருகாணிகள், அவற்றை இணைக்க இரண்டு கம்பிகள், டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கூடு. அந்தக் கூட்டுக்குள்ளும் சுற்றிலும் எலும்புத் தூளை அடைக்கிறார்கள். திருகாணி முதுகைக் குணப்படுத்துவதில்லை. இரண்டு எலும்பும் வளர்ந்து ஒன்றாகும் வரை அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. டாக்டர் சொன்னபடி சொன்னால், ஸ்லாப் போட்டுவிட்டு அது இறுகும்வரை முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங். என்ன, இந்த சென்ட்ரிங்கைப் பெரும்பாலும் பிரிப்பதில்லை, உள்ளேயே இருந்துவிடும். எலும்பு சேர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். 1911-இல் நியூயார்க்கில் ஹிப்ஸும் ஆல்பியும் காசநோய் தின்ற முதுகெலும்புகளை முதன்முதலாக இணைத்தபோது திருகாணியெல்லாம் கிடையாது. எலும்பு சேரும்வரை நோயாளி படுத்துக்கிடக்க வேண்டியதுதான். இப்போது நம்மை மறுநாளே நடக்கவிடுவது இந்தத் திருகாணிகள்தான்.

மறுநாள் காலை நர்ஸ் வந்து எழச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் இரண்டு முட்டியையும் மடக்க வேண்டும். பிறகு தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். தோள் முந்தினால் முதுகு முறுக்கிக்கொள்ளும். கட்டில் விளிம்புக்கு வந்ததும் கால் இரண்டையும் கீழே இறக்கிக்கொண்டே முழங்கையை ஊன்றி மேலே வர வேண்டும். “மேடம், மூச்ச புடிக்காதீங்க, விடுங்க” என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் ரத்தம் வடிகிற டிரெயின் குழாய், இன்னொரு பக்கம் யூரின் பை, நடுவில் நான். வாக்கரைப் பிடித்து நின்றேன். முதுகில் தீக்கோல் வைத்த மாதிரி எரிச்சல். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் காலில் ஒன்றுமில்லை. கெண்டைக்காலை வருடக்கணக்காகக் கவ்விப்பிடித்திருந்தது எதுவோ அது அங்கே இல்லை. கட்டிலிலிருந்து கதவு வரை போய், கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

மருத்துவமனை நாட்களில் நோயாளிகள் யாரும் வெளியே சொல்லாத பெரும் பிரச்சினை மலச்சிக்கல். வலி மாத்திரை குடலையும் தூங்கவைத்துவிடும். முக்கக் கூடாது, குனியக் கூடாது, ஆனால் போயாக வேண்டும். பக்கத்துக் கட்டில் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “உங்களுக்குப் போச்சா?” என்பதுதான். எனக்கு ஆனபோது அவர் கைதட்டினார்.

வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழ்வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ஒவ்வொரு திருப்பத்திலும் கொண்டுவந்து போட்டார். படிக்கட்டைவிட மோசம் காரில் வந்ததுதான். சென்னை வேகத்தடைகளுக்கு ஒரு அளவும் கிடையாது, சட்டமும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநர் “மேடம், வருது” என்று அறிவித்தபடி வந்தார்.

ஆபரேஷனுக்குப் பள்ளி விடுமுறையைப் பார்த்து மே மாதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம். விடுமுறைக் கணக்கு சரி, வெயிலைக் கணக்கில் சேர்க்கவில்லை. எழுந்து நடமாடும்போதெல்லாம் பெல்ட் போட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் அந்தப் பெல்ட்டுக்குள் வேர்க்குரு பொரிந்துவிட்டது. பையனின் பழைய காட்டன் பனியனை உள்ளே போட்டு அதன் மேல் பெல்ட் கட்டினால் கொஞ்சம் தேவலை. தையல் போட்ட இடத்தில் வியர்வை தேங்காமல் இருக்கவும் அதுதான் உதவியது. மே மாதத்தில் இதைச் செய்துகொள்ளப் போகிறவர்கள் பனியன் அரை டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவருவார்கள், கூடவே “படுத்தே இருங்க, எழுந்திருக்காதீங்க” என்ற அறிவுரையும். டாக்டர் சொன்னது நேர் எதிர். நட. கொஞ்சம் கொஞ்சமாக, பல முறை நட. உட்காருவதைத்தான் முதல் வாரங்களில் இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் நீட்டக் கூடாது. குனிவது, பளு தூக்குவது, இடுப்பைத் திருப்புவது மூன்றும் கிடையாது. என் மாமியார் நான் ஹாலில் நடப்பதைப் பார்த்துவிட்டு, “சொன்னா கேக்குறாளா பாரு” என்று தெருவுக்கே சொல்வார். அவர் செய்து கொடுத்த பிரண்டைத் துவையல் எலும்பை ஒட்டவைத்ததா என்று தெரியாது. கஞ்சிக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில், கீழே விழுந்த எதையும் எடுக்க முடியாமல் இருப்பது என்னவென்று அனுபவித்தால்தான் தெரியும். ரிமோட், சீப்பு, மாத்திரை, நைட்டி. எல்லாம் கீழேயே போகும். யாராவது வரும்வரை அங்கேயே கிடக்கும்.

பிசியோவுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

ஓர் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன். அவருக்கு எல்5-எஸ்1, எனக்கு வந்த இடத்துக்கு ஒரு படி கீழே. வலது காலில் பிரேக்கை அழுத்தினால் அழுந்துகிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று ஆகிவிட்டபோதுதான் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறார். சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.ஹெச்.சில் ஆபரேஷன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். அவருக்கு டாக்டர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. பீடியை விட வேண்டும். நிகோட்டின் ரத்த ஓட்டத்தைக் கெடுத்து எலும்பு சேருவதைத் தடுக்கும். “இன்னா டீச்சர், ஸ்க்ரூ டைட்டா கீதா?” என்றுதான் அவர் எனக்கு வணக்கம் சொல்வார். முதுகு வலி இருக்கிறதா என்று கேட்டால், “அது கீது, அது பாட்டுக்கு. பிரேக் புடிக்குதே!” என்பார். எங்கள் எல்லோரிலும் திருப்தியாக இருந்தவர் அவர்தான். அவர் போனது காலுக்காக. கால் திரும்பக் கிடைத்தது.

சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பி ஒருவர். கால் வலியே கிடையாது, முதுகு மட்டும். அவருக்கு எலும்பை இணைக்கவில்லை, வயிற்றுப் பக்கமாகப் போய்ச் செயற்கை டிஸ்க் வைத்திருந்தார்கள். அசைவு போகக் கூடாது என்பதற்காக. எலும்பு நகராத, பின்பக்க மூட்டுகள் தேயாத, வயது குறைந்தவர்களுக்குத்தான் அது சரிப்படும். எனக்கெல்லாம் வைக்கவே முடியாது. அந்த டிஸ்க்கின் கதையை அவர்தான் சொன்னார். 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்ற கிழக்கு ஜெர்மனியின் காரின் யான்ஸ், பிறகு டாக்டராகி, பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் குர்ட் ஷெல்நாக்குடன் சேர்ந்து செயற்கை டிஸ்க்கை வடிவமைத்தார். 1984-இல் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அமெரிக்கா 2004-இல்தான் அனுமதித்தது. முதுகை வில்லாக வளைத்தவரே முதுகுக்கு உதிரிபாகம் செய்தார் என்று அந்தத் தம்பிக்கு ஒரே பெருமை. ஆனால் அவருடைய வலி பாதிதான் குறைந்திருந்தது. “ஜீரோ ஆயிடும்னு நெனச்சேன் ஆன்ட்டி” என்றார். அவரை யாரும் காலா, முதுகா என்று கேட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கவில்லை. என்னைவிட நன்றாகக் குனிகிறார், வேலைக்குப் போகிறார், பத்துக்கு நான்கு வலி என்கிறார், முகத்தில் தோற்றவரின் களை.

அவர்தான் எனக்கு ஆய்வுகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். கணக்கு டீச்சரிடம் எண்ணைக் கொடுத்தால் விடுவேனா? 2001-இல் வந்த சுவீடன் ஆய்வில், நாள்பட்ட முதுகு வலிக்காக எலும்பை இணைத்துக்கொண்டவர்களில் 63 சதவீதம் பேர் இரண்டு வருடம் கழித்துத் தேவலை என்றார்கள்; ஆபரேஷன் செய்யாத பிரிவில் அப்படிச் சொன்னவர்கள் 29 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். 2005-இல் பிரிட்டனில், எலும்பு இணைப்பைத் தீவிரமான உடற்பயிற்சி மறுவாழ்வுத் திட்டத்தோடு வைத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் சுருங்கிவிட்டது. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொன்னால் என் வகுப்பில் மார்க் கிடையாது. இன்னொன்று, அந்த 63-லும் வலி முழுக்கப் போனவர்கள், கொஞ்சம் குறைந்தவர்கள் எல்லோரும் ஒரே பெட்டியில்தான் இருக்கிறார்கள்.

மூன்றாவது, ஓர் அக்கா. ஏற்கெனவே இரண்டு ஆபரேஷன் முடிந்தவர். எலும்பு சேர்ந்துவிட்டது, ஸ்கேன் சுத்தம், வலி மட்டும் போகவில்லை. அவரிடம் நரம்புக்கு மெல்லிய மின்துடிப்பு கொடுக்கும் கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் சில நாட்கள் வெளியே கருவியை வைத்துச் சோதித்துப் பார்த்து, வலி கணிசமாகக் குறைந்தால் மட்டுமே உள்ளே பொருத்துவார்களாம். “இந்த ஒண்ணுலதான் வாங்குறதுக்கு முன்னாடி போட்டுப் பாக்கச் சொல்றாங்க” என்றார் அந்த அக்கா. செலவை நினைத்து இன்னும் முடிவெடுக்கவில்லை.

தையல் பிரித்து, எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போய், ஆப்பிளும் தீர்ந்த பிறகு ஒரு பள்ளம் வரும். இரண்டாவது, மூன்றாவது மாதம். கொஞ்சம் நன்றாக இருக்கிறதே என்று கூடுதலாக ஒரு வேலை செய்வோம், மறுநாள் வலி பிடித்துக்கொள்ளும். திருகாணி கழன்றுவிட்டதோ என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தோன்றும். காலில் எறும்பு ஊரும், திடீரென்று மின்சாரம் பாயும். நரம்பு விழித்துக்கொள்வதாலும் அப்படி இருக்கும் என்று பிசியோ பெண் சொன்னாள். அறுபட்ட நரம்பு இழை வளர்வதே நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தானாம். இடுப்பிலிருந்து பாதம் எத்தனை மில்லிமீட்டர் என்று மனக்கணக்குப் போட்டேன், அதற்குப் பிறகு அவளை அவசரப்படுத்தவில்லை. எனக்கு இன்னமும் கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது.

அந்தப் பள்ளத்தில் மனசும் விழும். எரிச்சல், அழுகை, தூக்கமின்மை. நான் விசாரித்த எல்லோருக்கும் இருந்தது, யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. தாம்பத்தியம் பற்றியும் யாரும் கேட்பதில்லை. டிஸ்சார்ஜ் தாளில் பைக் ஓட்டுவது, மாடி ஏறுவது எல்லாம் இருக்கும், அது இருக்காது. நான் கேட்டேன். டாக்டர் கொஞ்சமும் தயங்காமல், எப்போது ஆரம்பிக்கலாம், எப்படிப் படுக்க வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். கேட்காததால்தான் அது பெரிய விஷயமாகிக் கிடக்கிறது.

பயப்படத் தேவையில்லாத வலிகள் இவ்வளவு என்றால், உடனே ஓட வேண்டியவையும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது. இவற்றுக்கு மறுநாள் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் எமர்ஜென்சிதான். காய்ச்சலோடு தையலில் கசிவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவையும் அப்படியே. சர்க்கரை உள்ளவர்கள் அதை ஆபரேஷனுக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், புண்ணில் கிருமி தொற்றும் அபாயம் அவர்களுக்கு அதிகம். முட்டி வலிக்கு வழக்கமாகப் போடும் வலி மாத்திரையைக்கூட டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். அவற்றில் சில எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும் என்று சர்ஜன்கள் முதல் மாதங்களில் தவிர்க்கிறார்கள்.

இன்சூரன்ஸ் ஒரு பகுதி கொடுத்தது, மீதிக்குக் கூட்டுறவு நாணயச் சங்கத்தில் கடன். அந்தத் தவணை இன்னும் ஓடுகிறது. ஃபைலில் திருகாணிகளின் ஸ்டிக்கர்கள் ஒட்டிய பக்கம் ஒன்று இருக்கும், கம்பெனி, அளவு, எண் எல்லாம் அதில்தான். அதை நகலெடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் எந்த டாக்டர் பார்த்தாலும் முதலில் தேடுவது அதைத்தான்.

ஒரு வருட எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மேலேயுள்ள மூட்டுக்கு இனி சுமை கூடும், அது தேய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கால் வலி திரும்பவில்லை. மூலக்கடை வரை நடந்துவிடுகிறேன். முதுகு சாயங்காலமானால் கனக்கிறது, முதல் பீரியடில் நிற்கிற டீச்சருக்கும் கடைசி பீரியடில் நிற்கிற டீச்சருக்கும் வித்தியாசம் பிள்ளைகளுக்கே தெரியும். மார்கழிக் கோலத்தை மருமகள் எடுத்துக்கொண்டாள், என்னைவிட நன்றாகவே போடுகிறாள். வரும் ஜூனில் பத்தாம் வகுப்பை மூன்றாவது மாடிக்கு மாற்றப்போகிறார்களாம். தரைத்தளத்தில் ஏழாம் வகுப்பு கொடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் டாக்டரின் சர்டிஃபிகேட் கேட்கிறார்.